சீமாட்டிக்குக் கறி வெட்டும் கத்தி

அந்தக் கத்தி வேட்டைக்கென்றே செய்யப்பட்டது. ஆனால் தன் ஆயுசில் ஒருநாள்கூட அது வேட்டைக்குப் போனதில்லை. மிருகக்காட்சிசாலையின் தீவனக் கூடத்தில், வேட்டையாடப் பிறந்து வேட்டையாடாமலே வயதாகிவிட்ட ஒரு மிருகத்துக்குக் கறி வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் தலையெழுத்து ஒன்றுதான்.

கத்தியின் சொந்தக்காரரை எல்லோரும் மடக்கு என்றே கூப்பிட்டார்கள். மடக்குக் கத்தி வைத்திருப்பதால் மடக்கு. வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஒரு அண்ணனைச் சேர்த்து மடக்கண்ணே என்பார்கள். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் போல என்று திரும்பிப் பார்ப்பார்.

காலை ஆறு மணிக்குத் தீவனக் கூடத்தின் கதவைத் திறப்பது அவர்தான். நடுவிலுள்ள சாக்கடைத் துளையை நோக்கிச் சாய்ந்த சிமெண்டுத் தரை, சுவரோரம் எவர்சில்வர் மேசை, மேலே வரிசையாகக் கொக்கிகள், மூலையில் தராசு. எந்தக் கூண்டுக்கு எத்தனை கிலோ என்று சாக்பீஸால் எழுதிய ஒரு கரும்பலகை. புலிகளுக்கும் சிங்கத்துக்கும் எலும்போடு பெரிய துண்டங்கள். அவற்றைக் கனமான வெட்டுக்கத்தியால் நாலே போடில் முடிப்பார். முதலைக்கு முழுக்கோழி. கழுகுகளுக்கு விலா எலும்பு. இவை எதற்கும் மடக்குக் கத்தி வெளியே வராது. அது வருவது ஒரே ஒருத்திக்காக.

அவள்தான் சீமாட்டி. பதினெட்டு வயதுச் சிறுத்தை. சிறுத்தைக்குப் பதினெட்டு வயது என்றால் மனுஷிக்கு எண்பதைத் தாண்டிய கணக்கு. கடைவாய்ப் பற்கள் மழுங்கிவிட்டன. சவ்வையும் நரம்பையும் உரித்து எடுத்து, விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டால்தான் விழுங்கும். அதிலும் முதல் வாய் கல்லீரலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தட்டை முகர்ந்துகூடப் பார்க்காமல், முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பெயர். ஆகவே மடக்கின் இடுப்பு உறையிலிருந்து காலையில் வெளியே வரும் கத்தி முதலில் தொடுவது சீமாட்டியின் கல்லீரலைத்தான்.

சீமாட்டியின் கூண்டைப் பார்த்துக்கொண்டவன் மடக்கின் மச்சினன், மனைவியின் தம்பி. ஆறரைக்கெல்லாம் வாளியோடு வாசலில் வந்து நிற்பான்.

"என்ன மாமா, தாலாட்டுப் பாடிக்கிட்டே வெட்டுறீங்களா? அங்க அவ கம்பியை உதைக்கிறா."

"ரொம்ப அவசரம்னா உன் விரலைத்தான் நறுக்கிப் போடணும். போடவா?"

"என் விரல்ல ஏது சதை? எங்கக்கா ஆக்குறதையெல்லாம் நீங்கதானே மிச்சம் வைக்காம சாப்பிடுறீங்க."

"வாயிலதான் சதை உனக்கு. இந்தா, அந்தப் பக்கம் பிடி."

பெரிய வாளியைத் தூக்க வேண்டுமென்றால், மடக்கு கத்தியை மேசைமேல் விட மாட்டார். இடுப்புத் துணியில் ஒரு இழு இழுத்துத் துடைத்து, மடக்கி, உறைக்குள் போட்டு, பித்தான் போடுவார். வாளியை வண்டியில் ஏற்றிவிட்டு வந்து திரும்ப எடுப்பார். ஒரு காலையில் இப்படி ஐந்தாறு தடவை நடக்கும். திறந்த கத்தியை மேசையில் போட்டுவிட்டு நகர்கிறவன் கத்தி வைத்திருக்கத் தகுதியில்லாதவன் என்பது அவருடைய சட்டம்.

கத்தி அவர் கைக்கு வந்தது ஒரு குடையால். மிருகக்காட்சிசாலை வாசலில் பார்வையாளர்களிடமிருந்து வாங்கி வைக்கும் சாமான்களில், திரும்பக் கேட்க ஆள் வராதவற்றை வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு ஊழியர்களுக்கே கொடுத்துவிடுவார்கள். பந்து, கவண், தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு என்று எல்லாம் இருக்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு அந்தச் சீட்டில் மடக்குக்கு (அப்போது அவருக்கு அந்தப் பெயர் இல்லை) பூப்போட்ட குடை விழுந்தது. பக்கத்திலிருந்த தோட்டக்காரருக்குக் கத்தி. தோட்டக்காரர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "வேட்டைக் கத்தியாம். இதை வச்சு நான் ரோஜாச் செடியையா வேட்டையாடப் போறேன்?" என்று முழித்தார். அடுத்த நிமிஷம் குடை அங்கே போனது, கத்தி இங்கே வந்தது. "மழைக்காலம் வர்ற நேரத்துல குடையை விட்டவன் நீ ஒருத்தன்தான்யா" என்று சிரித்தார்கள். மடக்கு கத்தியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அது பார்க்க வேண்டிய பொருள்தான். மூடினால் உள்ளங்கைக்குள் அடங்கும். கைப்பிடியின் நடுவில் கறுத்த சிவப்பு மரம், இரண்டு முனையிலும் பித்தளைக் கட்டு. நகத்தால் நெம்பித் திறந்தால் நாலு விரல் நீளத் தகடு எழுந்து, 'டக்' என்று பூட்டிக்கொண்டு நிற்கும். நுனிக்குக் கொஞ்சம் முன்னால் முதுகுப் பக்கம் லேசாகக் குழிந்து, பிறகு கூராகும். தோலுக்கும் சதைக்கும் நடுவில் நுழைய அந்தக் குழிவு வேண்டும். பூட்டை விடுவிக்க, கைப்பிடியின் முதுகிலுள்ள பள்ளத்தைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். இடுப்பு வாரில் கோத்துக்கொள்ள, பித்தான் வைத்த தடித்த பழுப்புத் தோல் உறை.

வேலை முடிந்ததும் கத்திக்குக் குளியல். சோப்புக் கரைத்த வெந்நீர், பழைய பல்துலக்கும் பிரஷ், மூட்டின் சந்துக்குள் விட்டு இழுக்க, பஞ்சு சுற்றிய தீக்குச்சி. கெட்டிலில் கொதிக்கும் தண்ணீரை மூட்டின் மேல் நூல் பிடித்த மாதிரி ஊற்றுவார். பிறகு திறந்த வாக்கில் ஜன்னல் கட்டையில் ஒருமணி நேரம் காய வேண்டும். காய்ந்தபின் மூட்டில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். கண்ட எண்ணெயும் கறியில் படக்கூடாதென்று மருந்தறையிலிருந்து லிக்விட் பாராஃபின் வாங்கி வைத்திருந்தார். யானைக்கு மலச்சிக்கல் வந்தால் புட்டி புட்டியாகக் கொடுக்கும் அதே எண்ணெய்.

"யானைக்கு ஒரு புட்டி, உங்க கத்திக்கு ஒரு சொட்டு. ரெண்டுக்கும் வேலை சுலபமா நடக்குதா?" என்பான் மச்சினன்.

"உன் வாய்க்கும் ஒரு சொட்டு விட்டா மூடுறதுக்குச் சுலபமா இருக்கும்."

சனிக்கிழமை சாணைக்கல். கல்லை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, முதலில் சொரசொரப்புப் பக்கம், பிறகு வழுவழுப்புப் பக்கம். மின்சாரச் சாணைச் சக்கரத்தில் கொடுக்க மாட்டார். சூடேறித் தகடு நீலம் பாய்ந்தால் கத்தி போனமாதிரி. பித்தளைக்கு எலுமிச்சைத் தோல். உறையைத் தண்ணீர் காட்டக்கூடாது, தோல் வெடித்துவிடும் என்று மாதம் ஒருமுறை பழுப்பு பாலிஷ் போட்டு, கண்ணாடி மாதிரி தேய்த்து வைப்பார். கத்தியால் டப்பா நெம்ப மாட்டார், திருகாணி திருப்ப மாட்டார்.

வீட்டில் அவருடைய மனைவிக்கும் அதே இனத்து வேலைதான். பெரிய ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டர் கத்தி, கத்திரிகளை வேகவைத்துக் கொடுக்கும் அறையில் பதினாறு வருஷமாக இருந்தாள். "நான் ஒரு நாளைக்கு முந்நூறு சாமான் வேகவைக்கிறேன். இவரு ஒரு கத்தியைக் குளிப்பாட்டிட்டு ஊர்கோலம் விடுறாரு" என்று அண்டை அயலில் சொல்லிச் சிரிப்பாள். அதில் பெருமையும் கொஞ்சம் உண்டு.

அந்த வருஷ மழையில், நாலு நாள் வானம் வெளுக்கவேயில்லை. ஐந்தாம் நாள் மச்சினன் வாளியில்லாமல் வந்து வாசலில் நின்றான்.

"மாமா, அவ எந்திரிக்கல. ராத்திரியெல்லாம் வயித்தால போயிருக்கு. ரத்தமும் கலந்திருக்கு."

மடக்கு கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு, உறைக்குள் போகாமல் திறந்தே கிடந்த கத்தியைப் பார்த்துத் திரும்பி வந்து, அதை மடக்கி எடுத்துக்கொண்டு போனார். கூண்டின் உள்ளறையில் சீமாட்டி வைக்கோல்மேல் பக்கவாட்டில் கிடந்தாள். கண்ணை மட்டும் திருப்பி அவர் கையைப் பார்த்தாள். கையில் தட்டு இல்லை என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

மிருக டாக்டரம்மா வந்து ஊசி போட்டு, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். வயது முப்பதைத் தாண்டாது. ஆனால் கூண்டுக்குள் போனால் பயம் என்பதே இல்லாத பெண். பதினோரு மணிக்குத் தீவனக் கூடத்துக்கு வந்தார். மேசையில், கொக்கியில், பலகையில், தண்ணீர்க் குழாயில் என்று எல்லாவற்றிலும் பஞ்சுக் குச்சியால் தடவி, குச்சிகளைக் குப்பிகளில் போட்டு மூடினார். கடைசியில் ஜன்னல் கட்டையில் குளித்துக் காய்ந்துகொண்டிருந்த கத்தியிடம் வந்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இதையும் எடுக்கணும்."

"தாராளமா எடுங்க."

"புலிக்கு ஒண்ணும் இல்ல, சிங்கத்துக்கு ஒண்ணும் இல்ல. எல்லாருக்கும் ஒரே லாரியில வந்த கறி. சீமாட்டிக்கு மட்டும்தான் இந்தக் கத்தி. மடக்குக் கத்தின்னா மூட்டுல ரத்தம் போய் உக்காந்துக்கும்ணே. என்ன கழுவினாலும் போகாது."

கூடத்தில் அப்போது டிராக்டர் டிரைவர் இருந்தார். கூட்டிப் பெருக்குகிறவர்களின் மேஸ்திரி இருந்தார். மச்சினனும் இருந்தான். மடக்கு எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என் முழங்கால் மூட்டுல வேணும்னா வாயு இருக்கும் டாக்டரம்மா. என் கத்தி மூட்டுல ஒண்ணும் இருக்காது. இத்தனை பேர் முன்னாடி சொல்றேன். இந்தக் கத்தியாலதான் சீமாட்டிக்கு வயிறு கெட்டுச்சுன்னு உங்க ரிப்போர்ட் வந்தா, இந்த மேசைக்கு நான் லாயக்கில்ல. ஒரு மாசம் மேஸ்திரிகிட்ட விளக்குமாறு வாங்கிக்கிறேன்."

"அய்யய்யோ, அப்படியெல்லாம் வேணாம்ணே" என்றார் டாக்டரம்மா.

"வேணும். பன்னெண்டு வருஷமா நான் சோறு போட்ட புள்ள அது."

மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "புது விளக்குமாறு ஒண்ணு எடுத்து வைக்கட்டுமா?" என்றார். மடக்கும் சேர்ந்துதான் சிரித்தார். அவருக்குச் சந்தேகம் என்பதே இல்லை.

கத்தி மூன்று நாள் டாக்டரம்மாவின் அலமாரியில் இருந்தது. அதற்குப் பதிலாக, பிடியும் தகடும் ஒரே வார்ப்பாக இருந்த ஒரு நீளமான ஸ்டீல் கத்தியைக் கொடுத்தார்கள். அதைக் கொதிநீரில் போட்டு வைக்கலாம். அடுத்தவன் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது மடக்குக்கு. ஆனாலும் சீமாட்டிக்கு நறுக்குவதில் ஒரு இழை குறை வைக்கவில்லை. மத்தியானத்தில் கூண்டுப் பக்கம் போவார். முதல் நாள் அவள் தண்ணீர் மட்டும் நக்கினாள். இரண்டாம் நாள் கல்லீரலை முகர்ந்துவிட்டு விட்டாள். மூன்றாம் நாள் இரண்டு துண்டு தின்று, மூன்றாவதை மச்சினனின் கண்முன்னாலேயே தட்டோடு இழுத்துக்கொண்டு போனாள்.

"தட்டையே தூக்கிட்டுப் போறா மாமா! பொழைச்சுட்டா!"

அன்றே ரிப்போர்ட்டும் வந்தது. மேசை சுத்தம். கொக்கி சுத்தம். கத்தி, மூட்டு உட்பட, சுத்தம். டாக்டரம்மா கத்தியைத் தானே கொண்டுவந்து கொடுத்தார்.

"நான் தப்புண்ணே. எங்க தியேட்டர்லகூட இவ்வளவு சுத்தமா இருக்காது. வேற எங்கிருந்தோ வந்திருக்கு. பார்க்கணும்."

மச்சினன் மேஸ்திரியிடம் போய், "அந்த விளக்குமாத்தைப் பத்திரமா வைங்க. உங்க ரிட்டயர்மெண்டுக்கு மாலை போடலாம்" என்று சொல்லிவிட்டு வந்தான். மடக்கு கத்தியை உறையில் போட்டுப் பித்தானை அழுத்திய சத்தம் கூடத்துக்கே கேட்டது. கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு நடை வராது. அப்படித்தான் அன்று வீட்டுக்கு நடந்தார்.

சாயங்காலம் நாலரை. மழை விட்டு வெயில் வந்திருந்தது. வாசலில் செய்தித்தாளை விரித்து, கத்தியைத் திறந்து அதன்மேல் வைத்தார். இடுப்பு வாரை உறையோடு கழற்றி நாற்காலியில் போட்டார். எலுமிச்சைத் தோல் எடுக்க உள்ளே போய்த் திரும்பியபோது, மாடிவீட்டுப் பூனை வந்திருந்தது.

பூனை கத்தியைத் தாண்டிப் போனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலியில் தாவி, உறையின் வாய்க்குள் மூக்கை விட்டது. பிறகு நக்க ஆரம்பித்தது. சும்மா நக்கவில்லை, முன்னங்கால்களால் உறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சொரசொர என்று சத்தம் கேட்கும்படி நக்கியது. நடுவில் தலையைத் தூக்கி, வாயைப் பாதி திறந்து, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு ஒரு கணம் அப்படியே நின்றது.

வேறு யாராவதாக இருந்தால் பூனையை விரட்டியிருப்பார்கள். மடக்குக்கு அந்த முகம் தெரியும். பன்னிரண்டு வருஷமாக, ஒவ்வொரு காலையும் கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்த முகம் அது. பழைய ரத்தத்தை மோந்தால் புலியும் அப்படித்தான் உதட்டைச் சுருட்டும், சிறுத்தையும் அப்படித்தான் சுருட்டும். பூனைக்கு மட்டும் வேறு சட்டமா?

உறையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். வெளியே பாலிஷ் வாசனை. உள்ளே அவருக்குச் சொல்லத் தெரியாத ஒரு புளித்த நாற்றம். டார்ச் அடித்துப் பார்த்தார். அடியில் தையலோரமாகக் கறுப்பாக, ஈரமாக ஏதோ படிந்திருந்தது. தீக்குச்சியால் சுரண்டினார். களிம்பு மாதிரி வந்தது.

மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, அவர் எலுமிச்சைத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்ன, ரிப்போர்ட் வரலையா?"

"வந்துச்சு. கத்தி சுத்தம்னு வந்துச்சு."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

உறையை நீட்டினார். அவள் மோந்து பார்த்தாள். தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஏங்க, கழுவாத கத்தியை இதுக்குள்ள போடுவீங்களா?"

"வாளி தூக்கும்போது. துடைச்சுட்டுத்தான் போடுவேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"அஞ்சாறு."

"இதைக் கழுவினது எப்போ?"

"தோலைக் கழுவக்கூடாதுடி. வெடிச்சுடும்."

அவள் உள்ளே போனாள். தண்ணீர் குடித்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க தியேட்டர்ல கத்திரியை வேகவச்சு எடுத்து, அழுக்குத் துணியில சுத்தி வச்சா, சிஸ்டர் எங்க தோலை உரிச்சுடுவாங்க. நீங்க தினமும் அதைக் குளிப்பாட்டிட்டு, திரும்ப அழுக்குச் சட்டையை மாட்டி விட்டிருக்கீங்க. கத்தி குளிச்சு நின்ன நேரத்துல டாக்டர் வந்து பார்த்திருக்காங்க."

மடக்கு தலையை ஆட்டினார். நாலு நாள் மழையில் உறை காயவேயில்லை என்பது நினைவுக்கு வந்தது. போன மழைக்காலத்திலும் சீமாட்டிக்கு இரண்டு நாள் வயிறு சரியில்லாமல் போனது, பருவம் மாறுகிறது என்று எல்லோரும் சொன்னது, தானும் சொன்னது. ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"ஒரு பாலிதீன் பை கொடு" என்றார். "நல்ல பையா கொடு. ஓட்டை இல்லாததா."

அவள் எதற்கு என்று கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை இடுப்பில் உறையில்லாமல், கையில் முடிச்சுப் போட்ட பையோடு அவர் வருவதைப் பார்த்த மச்சினனுக்கு, ஐந்து நிமிஷத்தில் விஷயம் பூராவும் தெரிந்தது. கையைப் பிடித்துக் கூடத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"மாமா, உங்களுக்குப் பைத்தியமா? ரிப்போர்ட்ல கத்தி சுத்தம்னு வந்தாச்சு. சீமாட்டியும் எந்திரிச்சுட்டா. இந்தப் பையைத் தூக்கி அடுப்புல போடுங்க. புது உறை வாங்கிக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

"உங்களுக்குத் தெரிஞ்சா போதும், மாத்திக்குவீங்க. டாக்டர் எதுக்கு?"

"டாக்டரம்மா இப்ப என்ன பண்ணிட்டிருக்காங்க தெரியுமா? தப்பு கறி லாரியிலதான்னு அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேக்கப் போறாங்க. அவனும் புள்ளகுட்டிக்காரன்டா. நான் பண்ணின தப்புக்கு அவன் ஏன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்?"

மச்சினன் அப்போதும் விடவில்லை. "நீங்க கத்தியாலன்னுதான் சொன்னீங்க. உறையாலன்னு சொல்லல. அதையாவது ஞாபகம் வச்சுக்கங்க."

"வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டிய ஆளு நீ. கூண்டு கழுவுற."

டாக்டரம்மா பையைப் பிரித்ததும் கையுறை போட்டுக்கொண்டார். உறைக்குள் குச்சியை விட்டு எடுத்தார். குச்சியின் பஞ்சைப் பார்த்ததும் இருவருக்குமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் ரிப்போர்ட் வர இரண்டு நாள் ஆனது. சீமாட்டியின் வயிற்றிலிருந்த கிருமியும் உறையிலிருந்த கிருமியும் ஒன்றேதான் என்று அதில் இருந்தது.

அன்று மத்தியானம் மடக்கு தானாகவே எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார். டிராக்டர் டிரைவர், மேஸ்திரி, மச்சினன், டாக்டரம்மா. போன தடவை நின்றவர்கள் அத்தனை பேரும்.

"அன்னிக்கு உங்க முன்னாடிதான் சொன்னேன். இன்னிக்கும் உங்க முன்னாடிதான் சொல்லணும். தப்பு என்னோடதுதான். கத்தியில இல்ல, அதை வச்ச இடத்துல. மேஸ்திரி, அந்த விளக்குமாறு இருக்கா?"

மேஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. "அட, விளையாட்டுக்குச் சொன்னதுய்யா அது" என்றார்.

"நான் விளையாட்டுக்குச் சொல்லல."

"அண்ணே" என்றார் டாக்டரம்மா, "நீங்க கொண்டு வரலைன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது. நீங்க போயிட்டா, அடுத்து இந்த மேசைக்கு வர்றவர் தப்புப் பண்ணினா தானா வந்து சொல்வாரா?"

"அதுக்குத்தான் டாக்டரம்மா போறேன். சொன்னா சொன்னதுதான்னு பார்த்தாத்தான் அடுத்தவனும் சொல்வான்."

தோல் உறையை அன்றே எரிப்பானில் போட்டார். தானே கொண்டுபோய்ப் போட்டார். அது எரிந்து முடியும்வரை நிற்கவில்லை. நிற்க நேரமில்லை, சிங்கத்தின் கூண்டுக்கு எதிரே இலை குவிந்து கிடந்தது.

விளக்குமாற்றையும் கத்தியைப் போலவே நடத்தினார் மடக்கு. காலையில் ஈரத் தரையில் நீளக் கோடு கோடாகப் பெருக்குவார். மத்தியானத்தில் கட்டை அவிழ்த்து, ஒடிந்த குச்சிகளை எடுத்துவிட்டு, மறுபடி இறுக்கிக் கட்டுவார். கட்டுகிற கயிற்றை அறுக்க மடக்குக் கத்தி வரும். இப்போது அதற்கு உறை கிடையாது. தினமும் கொதிக்க வைத்துக் காயப்போட்ட வெள்ளைத் துணியில் சுற்றி, சட்டைப் பையில் வைத்திருந்தார். மனைவிதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அந்தத் துணியையும் வேகவைத்துக் கொடுப்பாள். "முந்நூத்தி ஒண்ணாவது சாமான்" என்பாள்.

சீமாட்டியின் கூண்டுக்கு எதிரேயும் பெருக்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் மச்சினன் தட்டைக் காட்டினான்.

"பாருங்க மாமா, கூடத்துல புதுசா வந்தவர் வெட்டினது. இது கறியா, செங்கலா?"

மடக்கு கம்பி வழியாகப் பார்த்தார். சவ்வு உரிக்கவில்லை. சீமாட்டி ஒரு துண்டைக் கவ்வி, ஒருபக்கமாய்த் தலையைச் சாய்த்து, மென்று மென்று பார்த்துவிட்டுத் துப்பினாள்.

"குறுக்கே வெட்டணும்டா, இழையோட போகக்கூடாது. போய்ச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத. சீமாட்டி சொன்னான்னு சொல்லு."

அடுத்த நாள் தட்டு நன்றாக வந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் நன்றாக வந்தது. டாக்டரம்மா கூடத்தின் சுவரில் ஒரு தாளை ஒட்டினார்: ஒரே வார்ப்புக் கத்திதான், ஒவ்வொரு கூண்டுக்கும் நடுவில் கொதிநீர், இடுப்பு உறைக்கு இடமில்லை. படித்தேன் என்று எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கையில் விளக்குமாற்றோடு வந்து முதல் கையெழுத்தைப் போட்டவர் மடக்கு.

இருபத்தோராம் நாள் டாக்டரம்மா அவரைத் தேடிக்கொண்டு குளத்தங்கரைக்கே வந்தார்.

"போதும்ணே. புதுசா வந்தவர் கழுகுக் கூண்டுக்குப் போறேன்னு கேக்குறார். வாங்க."

மடக்கு விளக்குமாற்றை நட்டு வைத்து, அதன்மேல் கையூன்றி நின்றார்.

"இன்னும் ஒம்பது நாள் இருக்கு டாக்டரம்மா."

"மனுஷனா நீங்க? நானே உத்தரவு போட்டா?"

"உத்தரவு போடுங்க. ஒம்பது நாள் கழிச்சுத் தேதி போட்டுப் போடுங்க."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே போனார். தேதியை அப்படியேதான் போட்டார்.

அந்தத் தேதியில், காலை ஆறு மணிக்கு மடக்கு தீவனக் கூடத்தின் கதவைத் திறந்தார். இடுப்பில் ஒன்றுமில்லை. மடக்குக் கத்தி, மேசையிலிருந்து பத்தடி தள்ளி, அவர் கழற்றி மாட்டிய சட்டையின் பைக்குள், கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கியது. தீவன மூட்டையின் கட்டை அறுக்கத்தான் இனி அது. ஸ்டீல் கத்தியை இரவே சாணைக்கல்லில் தீட்டி வைத்திருந்தார். கொதிநீரிலிருந்து இடுக்கியால் எடுத்தார். ஆறட்டும் என்று நின்றார். முன்பென்றால் இதற்குள் மடக்குக் கத்தி பாதிக் கல்லீரலை நறுக்கி முடித்திருக்கும்.

கல்லீரலை மேசைமேல் விரித்து, சவ்வை ஒரு ஓரத்தில் நெம்பிப் பிடித்து இழுத்தார். முழுசாக ஒரே உரியில் வந்தது.

வாசலில் வாளி சத்தம் கேட்டது.

"மாமா, ஆச்சா? அவளுக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ, காலையிலேருந்து வாசலையே பார்த்துக்கிட்டு நிக்கிறா."

"அப்படியே நின்னுகிட்டு இருக்கச் சொல்லு. கத்தி இன்னும் ஒருதடவை கொதிக்கணும்."